உப்பளத்தில் ஒரு பூஜ்ய வீடு

சென்ற மாதம் ஒரு முற்பகலில், நான் வேலை பார்த்த கட்டுமான நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் நிவேதா, நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பொறியாளர். அவர்கள் இப்போது ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தால், அந்த வீடு தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள எத்தனை சோலார் தகடு வேண்டும், போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதையெல்லாம் இட்லி வேகும் நேரத்திற்குள் அது சொல்லிவிடுமாம். சோதித்துப் பார்ப்பதற்காகப் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக அதற்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எல்லாம் ஒத்து வருது மேடம். உப்பளத்து வீடு ஒண்ணுதான் அடம் பிடிக்குது. மதிப்பீட்டுத் தாள்ல 'மொட்டைமாடி'ன்னு நீங்க எழுதின வரிக்கு எதிர்ல இருந்ததை யாரோ அடிச்சிட்டு, சிவப்புப் பென்சில்ல வேற ஒண்ணு எழுதியிருக்காங்க. பார்த்தா 'கருவாடு' மாதிரி இருக்கு. அப்படி இருக்காதுன்னு தெரியும். ஏதாவது பிரெஞ்சு வார்த்தையா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. எங்கள் ஊரின் கதிர்காமம் பகுதியில், என் வீட்டுக் கூடத்தில், கையில் தொலைபேசியோடு, கண்ணில் நீர் வழிய நான் நின்ற கோலத்தைப் பார்த்து அடுக்களையிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். மறுமுனையில் நிவேதா, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். அது கருவாடுதான் என்றும், முழு விவரத்தையும் எழுதி அனுப்புகிறேன் என்றும் சொல்லிவிட்டு வைத்தேன். அப்படி எழுதத் தொடங்கியதுதான் இது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் இந்த நிறுவனத்தில் மதிப்பீட்டாளராகச் சேர்ந்தேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் மதில்சுவர், கழிவுநீர்த் தொட்டி, கல்யாண மண்டபம், மறுபடியும் மதில்சுவர். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட் என்று நான் எழுதிய தாள்களை அடுக்கினால் அதுவே ஒரு மதில்சுவராகும். அதன் பிறகுதான் எங்கள் தலைமைப் பொறியாளராக அமலோர் முசியே வந்தார்.

அவரை எல்லோரும் 'முசியே' என்றுதான் அழைப்போம்; பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள். இளமையில் பிரான்சில் கட்டடக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பியவர். நெட்டையான ஆள், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, காதில் சிவப்புப் பென்சில். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போவார். இரண்டு மணி வரை மேசைமேல் தலை வைத்துத் தூங்குவார். அந்த நேரத்தில் வந்தவர் எவராயினும், கல்யாண மண்டபத்து முதலாளியே ஆனாலும், வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். என்னை 'மதாம் வசந்தா' என்பார். எங்கள் யாரிடமும் 'தப்பு' என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, "மறுபடியும் போய்ப் பாருங்கள்" என்பார். தப்பு என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாளில் ஆறியிருக்கும். "மறுபடியும் போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் எங்கே தவறினோம் என்று மூன்று நாள் சோறு இறங்காது.

அவர்தான் எங்களுக்குப் 'பூஜ்ய வீடு' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். ஒரு முழு ஆண்டில் மின்கம்பியிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவையாவது தன் கூரையிலிருந்து கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடும் வீடு. பகலில் கொடுக்கும், இரவில் எடுக்கும். கோடையில் கொடுக்கும், மழையில் எடுக்கும். இருவழி மீட்டர் இரண்டையும் குறித்துக்கொண்டே வரும். ஆண்டு முடிவில் கழித்துப் பார்த்தால் பூஜ்யம்.

கேட்பவர்கள் எல்லோரும் தகட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். முசியே தகட்டைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார். முதலில் காற்று வரும் திசையில் ஜன்னல், பிறகு மேற்குச் சுவருக்கு நிழல், கூரைக்கு வெள்ளைப் பூச்சு, குறைவாகத் தின்னும் விசிறி. இத்தனைக்கும் பிறகு என்ன தேவை மிஞ்சுகிறதோ அதற்குத்தான் தகடு. அப்படிச் செய்தால் சாதாரணக் குடும்பத்திற்கும் கட்டுப்படியாகும் என்பது அவர் நம்பிக்கை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு முதலில் வந்த வாடிக்கையாளரே காட்டினார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, கடற்கரைக்கு அருகே மாளிகை கட்ட நினைத்தவர். ஒன்பது ஏசி, ஒரு நீச்சல் குளம், அத்துடன் பூஜ்யம். முசியே வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "முசியே, உங்கள் தேவைக்கு உங்கள் கூரை போதாது. உப்பளம் மைதானத்தையும் சேர்த்து வாங்க முடியுமா?" என்று கேட்டார். அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, "என்ன விலை சொல்வாங்க?" என்றார்.

இப்படிப்பட்டவர்களுக்காக முசியே ஒரு முறையை ஏற்படுத்தினார். அதற்கு 'உட்காருதல்' என்று பெயர். மதிப்பீடு எழுதும் முன், வாடிக்கையாளர் இப்போது குடியிருக்கும் வீட்டில் விடியற்காலை முதல் விளக்கு வைக்கும் வரை நான் ஒரு நாள் முழுவதும் உட்கார வேண்டும். எந்த விசிறி எப்போது ஓடுகிறது, மோட்டாரை எத்தனை நிமிடம் போடுகிறார்கள், அயர்ன் பெட்டி, மிக்சி, டீவி, மாடி, முற்றம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். "அவர்களிடம் கேட்காதீர்கள், மதாம். கேட்டால் நல்ல பிள்ளைகளாகப் பதில் சொல்வார்கள். உட்கார்ந்து பாருங்கள்." எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். கையோடு ஒரு நாவல் கொண்டுபோவேன். பாதிப் புத்தகம் முடிவதற்குள் அந்த வீடு என்னை மறந்து தன் போக்கில் இயங்கத் தொடங்கிவிடும். என் வேலையில் நான் மிகவும் நேசித்த பகுதி அதுதான்.

அஞ்சலை வந்தது ஒரு வைகாசியில். மீன் வியாபாரம் செய்பவர். துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து சேரும்போது ஏலத்தில் எடுத்து, பாதியை அன்றே விற்று, மீதியைக் கருவாடாக்கி விற்பவர். துறைமுகத்தை ஒட்டிய உப்பளம் பகுதியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார். பின்கட்டுக்கு மட்டும் கான்கிரீட் கூரை. பக்கத்திலேயே சிறிய மனை வாங்கியிருந்தார். வீடு கட்டும் பணம் போக, லோடு ஆட்டோ வாங்குவதற்கென்று ஒரு தொகை தனியே சேர்த்து வைத்திருந்தார். மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடுவதாகவும், அதனால் ஓட்டுநர்கள் இவரைக் கண்டாலே வேகமெடுப்பதாகவும் சொன்னார்.

"எஞ்சினீரம்மா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. வண்டிக்கு வச்ச காச ஒங்க தகட்டுல போடறேன். அப்போ மாசாமாசம் கரண்டுக்குக் கட்டற காசு எனக்கு மிஞ்சும். அத வண்டித் தவணைக்குக் கட்டிப்பேன். புது வூட்டுல குடியேறி ஒரு வருசம் பாக்கறேன். பூஜ்யம் வந்துச்சுன்னா அந்த மாசமே வண்டி. வரலன்னா வண்டியும் இல்ல, ஒங்க பேச்சும் இல்ல. சரியா?"

சரி என்றேன். மறுநாளே போய் உட்கார்ந்தேன். அமைதியான வீடு. அஞ்சலை, அவர் கணவர் கோவிந்தன், எதிர்வீட்டிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்க்கும் கோவிந்தனின் தங்கை செல்வி. மூன்று விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், டீவி. நடையில் மூடி போட்ட ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி; அஞ்சலை அதைத் திறந்து பட்டுப்புடவை ஒன்றை எடுத்து உதறி மறுபடியும் உள்ளே வைத்ததைப் பார்த்தேன். 'பெட்டி – 1 (துணி)' என்று எழுதினேன். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. 'மொட்டைமாடி: காலி' என்று எழுதினேன். நாவலில் நூற்றைம்பது பக்கம் படித்தேன். அவ்வளவு நிறைவான ஒரு நாள் எனக்கு வாய்த்தது அபூர்வம்.

ஆறு தகடு போதும் என்று கணக்கு வந்தது. மாடிதான் காலியாக இருக்கப்போகிறதே என்று, பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு சேர்த்து எட்டாக எழுதினேன். என் கையெழுத்தின் கீழ் முசியேவும் கையெழுத்திட்டார்.

வீடு எழும்பியது. தென்கிழக்கில் ஜன்னல், மேற்கே நிழல் தரும் சட்டம், மாடி முழுவதும் வரிசையாக எட்டுத் தகடு. தை மாதத்தில் கிரகப்பிரவேசம். செல்வி மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, வந்திருந்த உறவினர் அனைவரும் கேட்கும்படி சொன்னார்: "எங்க அண்ணி வெயிலுக்கு வாடகைக்கு எடம் விட்டிருக்காங்க. அட்வான்சு எவ்ளோ அண்ணி?"

"ஒனக்கு ஏண்டி வேர்க்குது? ஒங்க வூட்டு வெயிலையா எடுத்தேன்?" என்றார் அஞ்சலை.

முதல் மாத மீட்டர் கணக்கு வந்தது. கொடுத்ததைவிட எடுத்தது அதிகம். மாசி மாதத்தில் மேகம் ஏது? இரண்டாம் மாதம் அதைவிட மோசம். கோவிந்தன் கதவுக்குப் பின்னால் சுவரில் சாக்கட்டியால் 'எடுத்தது', 'குடுத்தது' என்று இரண்டு பத்தி போட்டு எழுதிவந்தார். முதல் பத்தி வளர்ந்துகொண்டே போயிற்று.

அஞ்சலையைத் தொலைபேசியில் அழைத்து, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தகடுகள் கண்ணாடிபோல் பளபளத்தன. இன்வெர்ட்டரில் நாள்வாரியாகப் பதிவாகியிருந்ததைக் குறித்துக்கொண்டேன். விந்தையாக இருந்தது. சில நாட்களில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மின்சாரம்; சில நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் யாரோ போர்வை போர்த்தியதுபோல் சரிவு, மாலை நாலு மணிக்கு மீட்சி. அலுவலகத்திற்கு வந்து, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலாக இருக்கலாம் என்றேன்.

"தென்னை சில நாள் மட்டும் நிழல் தருமா, மதாம்? மறுபடியும் போய்ப் பாருங்கள்."

மறுபடியும் சொல்லிவிட்டுப் போனேன். உப்புக்காற்று என்று வந்து சொன்னேன். மறுபடியும் போனேன். காக்கைகள் என்றேன். காக்கை என்ற சொல்லுக்கு முசியே பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டா போகிறீர்கள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "சொல்லாமல் போங்கள். பதினோரு மணிக்குப் போங்கள்."

போனேன். வாசலில் யாரும் இல்லை. வெளிப்படி வழியாக மாடி ஏறினேன். பாதிப் படியிலேயே மூக்கு எனக்குச் செய்தி சொல்லிவிட்டது. மூளை ஏற்கத்தான் மறுத்தது. கடைசிப் படியில் கால் வைத்து நிமிர்ந்தேன். எட்டுத் தகடுகளும் வெள்ளியாக மின்னின. பழைய வலையை விரித்து, அதன்மேல், ஒன்றை ஒன்று தொடாமல், தலைகள் எல்லாம் ஒரே திசையில் இருக்க, பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டு வரிசைபோல் ஆயிரக்கணக்கில் நெத்திலி. தலையில் துண்டு போட்டுக்கொண்டு அஞ்சலை அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, எஞ்சினீரம்மா! ஒரு ஃபோன் பண்ணியிருந்தா எல்லாத்தையும் வாரிட்டு கழுவி வச்சிருப்பேனே! இப்பிடி கவுச்சியில வந்து நிக்கறீங்களே!"

"என்ன அஞ்சலை இது?"

"நெத்திலி."

"நெத்திலின்னு தெரியுது. தகடு மேல எதுக்கு?"

"பின்ன எங்க போடறது? இருந்த மாடி மொத்தத்தையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. மொதல்ல எனக்கும் பொக்குனு ஆயிடுச்சு. அப்பறம் தொட்டுப் பாத்தேன். தோசக்கல்லாட்டம் சுடுது! மாடித் தரையில ரெண்டு நாள் காயறது இதுல ஒரே பொழுதுல மொறமொறன்னு ஆயிடுது. மண்ணு ஒட்டல. சாய்வா இருக்கறதால தண்ணி வடிஞ்சிடுது. எம்மாம் யோசன பண்ணி போட்டுக் குடுத்திருக்காங்கன்னு ஒங்கள நெனச்சுத்தான் தெனமும் கும்புட்டுக்கறேன்."

"அஞ்சலை, வெயில் இது மேல பட்டாதான் கரண்டு வரும்."

"அது தெரியாதா எனக்கு? அதுக்காவத்தானே தள்ளித் தள்ளிப் போட்டிருக்கேன்! நடுவுல நடுவுல குடிச்சுக்கட்டும்."

தாகமாக இருந்தது. கீழே இறங்கித் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, நடையிலிருந்து 'உர்ர்ர்' என்று ஓர் ஓசை கேட்டது. அந்த வெள்ளைப் பெட்டி. அதற்குப் பின்னால் ஒரு மின்கம்பி சுவருக்குள் போயிற்று. மூடியைத் திறந்தேன். குளிர்ந்த புகை முகத்தில் அடித்தது. உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் வஞ்சிரம்.

"இது துணிப் பெட்டி இல்லையா?"

"ஐஸ் பெட்டிம்மா! நீங்க வந்தப்போ தடைக்காலம். போட்டு எதுவும் கடலுக்குப் போவல. மீனு இல்லாதப்போ பெட்டி எதுக்கு ஓடணும்? சும்மா கெடக்குதேன்னு பொடவைய வச்சிருந்தேன். பூச்சி அரிக்காது பாருங்க."

ஆண்டுதோறும் சித்திரையில் தொடங்கி இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்கான தடைக்காலம். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? அந்த நாட்களில் மீன் விலை ஏறிவிட்டதென்று புலம்பும் முதல் ஆள் நான்தான். ஆனால் வைகாசி மாதத்தில் ஒரு மீன் வியாபாரியின் வீட்டில் போய் நாள் முழுவதும் உட்கார்ந்து, நாவல் படித்து, மாடி காலி என்றும் பெட்டியில் துணி என்றும் எழுதி வந்திருக்கிறேன். நடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே புலப்படாத ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அஞ்சலை பயந்துபோய் விசிறியைப் போட்டார். "அதை வேற போடாதீங்க!" என்று கத்தினேன்.

முசியேவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு மணிக்கு அவர் கண் விழிப்பதற்காகக் காத்திருந்தேன். மதிப்பீட்டுத் தாளை மேசைமேல் வைத்து, பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நெத்திலி, வலை, தள்ளித் தள்ளி, நடுவில் நடுவில். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மாதம் போய் உட்கார்ந்தீர்கள், மதாம்?"

"வைகாசி."

"வைகாசி" என்று அவர் திருப்பிச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போய், பிள்ளைகளே இல்லை என்று எழுதி வந்திருக்கிறோம்." அதன் பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அத்தனை ஆண்டுகளில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. காதிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துவிட்டு, என் கையெழுத்தின் கீழிருந்த தம் கையெழுத்தைச் சுட்டிக்காட்டினார். 'இருக்கிறோம்' என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று அவர் என்னை ஒரு சொல் கடிந்திருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்; கடியாததைத்தான் இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கணக்கை அடியிலிருந்து போட்டோம். அந்த மாடி அஞ்சலையின் பாதிப் பிழைப்பு. அதை எடுத்துக்கொண்டு அவருக்கு மின்கட்டணத்தை மிச்சப்படுத்தித் தருவதாக நான் எழுதியிருந்த மதிப்பீட்டில், இழப்பு என்ற பத்தியே இல்லை. எட்டுத் தகடுகளில் இரண்டைக் கழற்றி அவற்றின் விலையைத் திருப்பித் தந்தோம். ஆறை உயரமான இரும்புச் சட்டத்தில் ஏற்றி, நிழல் மாடியில் விழாதபடி வடக்கு ஓரத்தில் நிறுத்தினோம். சட்டத்தின் செலவு நிறுவனத்தினுடையது, தவறு எங்களுடையது. தெற்கே மாடி முழுவதும் அஞ்சலைக்குத் திரும்பியது. ஐஸ் பெட்டியின் மூடி ரப்பர் தேய்ந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது, மாற்றினோம். உள்ளே உறைந்து கெட்டிப்பட்டிருந்த பனியை உருக்கி எடுத்தோம். அடுப்பின் வெப்பம் படும் சுவரிலிருந்து அதைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்திற்கு நகர்த்தினோம். பாதி உறுமலோடு அடங்கிவிட்டது.

ஆறு தகடு போதுமா என்று எனக்குள் உதறல். ஆனால் நெத்திலி ஒரு நன்மை செய்திருந்தது. கவிச்சி போகவேண்டும் என்று அஞ்சலை நாள்தோறும் மாலையில் தகடுகளைத் தேய்த்துக் கழுவிவந்தார் அல்லவா? மீன் காயாத நாட்களில் மின்சாரம் என் கணக்கை மிஞ்சியதற்கு அதுதான் காரணம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், உப்பும் தூசியும் படியாத தகடுகள் இந்த ஊரிலேயே அவருடையவை மட்டும்தான் இருந்திருக்கும். அந்தப் பழக்கத்தை விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

சித்திரை வந்தது. தடைக்காலம் தொடங்கியது. ஐஸ் பெட்டி வாயை மூடிக்கொண்டது. பட்டுப்புடவைகள் மறுபடியும் உள்ளே போயின. வெயிலோ தலையைப் பிளந்தது. என்னை ஏமாற்றிய அதே இரண்டு மாதம் இப்போது எங்களுக்காக உழைத்தது. சாக்கட்டிச் சுவரில் 'குடுத்தது' ஓடி வந்து 'எடுத்தது' பக்கத்தை எட்டிப் பிடித்து, முந்தியும் போயிற்று. ஆடி, ஆவணி எல்லாம் கொண்டாட்டம்தான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் நாள்கணக்கில் திறக்கவில்லை. முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. மார்கழிக் கடைசியில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத நிலை.

அந்தச் சமயத்தில் செல்வி என்னை வழிமறித்தார். "எஞ்சினீரம்மா, ஒங்க பூஜ்யத்தால எங்க அண்ணன் குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு. விசிறி கெடையாது, டீவி கெடையாது. அவரு சீரியல் பாக்க எங்க வூட்டுல வந்து ஒக்காந்துக்கறாரு. என் கரண்டுல!"

உள்ளே போனேன். அஞ்சலை அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். மிக்சி துணி போட்டு மூடப்பட்டிருந்தது.

"இன்னும் பத்து நாளுதானேம்மா. பல்ல கடிச்சிட்டு இருந்துடறோம். எனக்கு வண்டி வேணும்."

வண்டியின் மேல் அவருக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்வது கடினமாக இருந்தது. இருட்டில் உட்கார்ந்து பெறும் பூஜ்யத்தை வைத்து அவர் தவணை கட்டத் தொடங்கினால், அடுத்த மாதமே விசிறியும் ஓடும், கட்டணமும் வரும், தவணையும் நிற்கும். இதை முசியேவிடம் சொன்னேன். மறுநாள் காலை அவரே கிளம்பி வந்தார். அறை அறையாகப் போய் எல்லா விசிறியையும் போட்டார். டீவியைப் போட்டார். "மதாம் அஞ்சலை, விசிறி ஓடாத வீட்டின் பூஜ்யம் எனக்கு வேண்டாம். நீங்கள் வாழ்கிறபடி வாழுங்கள். வந்தால் வரட்டும்" என்றார். தை பிறக்கவிருந்த குளிரில், முந்தானையைக் காதோடு போர்த்திக்கொண்டு அஞ்சலை அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

மீட்டர் பார்ப்பவர் வரும் நாளன்று அந்தச் சிறு வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. முசியே தம் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். செல்வி தம் பக்கத்து வீட்டார் நால்வரோடு வந்திருந்தார். மீட்டர் பார்ப்பவர் இத்தனை பேரைக் கண்டு மிரண்டு, "என்னங்க, ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார். இரண்டு எண்களையும் உரக்கப் படித்தார். கோவிந்தன் சுவரில் எழுதினார். கழித்தார். கீழே கோடு போட்டு எழுதினார்: எடுத்தது மூன்று யூனிட் கூடுதல்.

அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று செல்வி தொடங்கினார்.

"கோவிந்தன்" என்றார் முசியே மெதுவாக. "மறுபடியும் போட்டுப் பாருங்கள்."

கடன் வாங்கிக் கழித்த இடத்தில் கோவிந்தன் ஒரு பத்தை விட்டிருந்தார். நானும் பார்த்தேன், முசியேவும் பார்த்தார். வாயைத் திறக்காமல் நின்றோம். அவர் அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். கொடுத்தது ஏழு யூனிட் கூடுதல். கோவிந்தன் சாக்கட்டியைத் தூக்கி எறிந்தார். அது ஓடிக்கொண்டிருந்த விசிறியில் பட்டு எங்கள் எல்லோர் தலையிலும் வெள்ளைத் தூளாகக் கொட்டியது. அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டார். என் புடவையில் ஒரு வாரம் நெத்திலி மணந்தது.

"ஏழு யூனிட்டுக்கு எனக்கு எவ்ளோ குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"ஒரு கூறு நெத்திலிகூட வாங்க முடியாது. மீட்டருக்கான சின்னத் தொகையை மாசாமாசம் கட்டித்தான் ஆகணும்."

"போவட்டும். எனக்கு என் மாடி இருக்குது."

முசியே கைப்பையிலிருந்து அந்த மதிப்பீட்டுத் தாளை எடுத்தார். 'மொட்டைமாடி: காலி' என்ற வரியைக் காட்டி, "இந்த இடத்தில் என்ன எழுத வேண்டும், மதாம்?" என்று அஞ்சலையைக் கேட்டார். அஞ்சலை சொன்னார். முசியே 'காலி'யை அடித்துவிட்டு, சிவப்புப் பென்சிலால், அழகான கையெழுத்தில், அவர் சொன்னதை அப்படியே எழுதினார். நிவேதா, நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். அது பிரெஞ்சு இல்லை.

அதே தை மாதத்தில் வண்டி வந்தது. மஞ்சள் லோடு ஆட்டோ. முன்னால் எலுமிச்சம்பழம், பின்னால் 'வெயில் துணை' என்ற எழுத்து. கற்பூரம் காட்டியதும் முதலில் ஏறி உட்கார்ந்தவர் செல்வி. இறங்க மனமில்லாமல், கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

"எஞ்சினீரம்மா, எங்க வூட்டு மாடியும் சும்மாதான் கெடக்குது..."

எனக்கு முன்னால் அஞ்சலை பதில் சொன்னார்: "சும்மா கெடக்குதுன்னு சொல்லாதடி. மொதல்ல அவங்க வந்து ஒரு நாளு ஒக்காரட்டும். ஆனா இரு, தடைக்காலத்துல வேணாம்."